அவருக்குப் போய்ச் சேராத கேசட்

போன மாதம் ஈப்போவில், எங்கள் சிலிபின் மண்டபத்தில் ஒரு கூட்டம். கைப்பேசியில் நாம் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிற செய்திகளை, குரல் பதிவுகளை, தேவைப்பட்டால் அரசாங்கம் திறந்து பார்க்க ஒரு வழி செய்யலாமா என்று யோசிக்கிறார்களாம். அதை விளக்க வந்த பையன் இஸ்திரி போட்ட சட்டையும் நல்ல தமிழுமாக இருந்தான். மோசடி, பயங்கரவாதம், குழந்தைகளின் பாதுகாப்பு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவன் கடைசியில் சிரித்தபடி கேட்டான்: "தப்பு செய்யாதவங்களுக்கு இதுல பயப்பட என்னாங்க இருக்கு?"

மண்டபம் தலையாட்டியது. எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. முழங்கால் வலியை மறந்து எழுந்துவிட்டேன்.

"தம்பி, நான் தப்பு செய்யல. ஆனா நான் பேசுனத ஒட்டுக் கேட்டாங்க. அதனால என்னா ஆச்சுன்னு சொல்லவா?"

"அது அந்தக் காலம்லா அம்மா. இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்தான் பாக்கும். மனுசன் பாக்க மாட்டான்."

எனக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். இரண்டு நிமிடத்தில் நான் கத்தத்தான் முடிந்தது. பக்கத்தில் இருந்தவர்கள், "ரத்த அழுத்தம் ஏறப்போவுது, உக்காருங்கக்கா" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். உட்கார்ந்தேன். ஆனால் அந்தப் பையனின் சிரிப்பு இன்னும் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். சட்டம் எனக்குத் தெரியாது. கேட்கப்படுவது என்றால் என்னவென்று தெரியும்.

எழுபதுகளின் பின்பாதியில் நாங்கள் கோப்பெங் டவுனிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நான் பால் வெட்டுகிறவள். கல்யாணமாகி மூன்றாவது வருடம் என் கணவர் சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போனார். இடையிடையே விடுப்பில் சில நாள் வந்து போவார்; மற்றபடி லயத்து வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். லயம் என்றால் ஒரே நீளமான கட்டடத்தைத் தடுத்துத் தடுத்து வீடாக்கியது. தடுப்புச் சுவர் கூரை வரை போகாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை தும்மினால் எங்கள் வீட்டிலிருந்து "நூறு" என்போம். ரகசியம் என்பது எங்களுக்கு வாய்த்த பொருளே இல்லை. புருஷன் பெண்டாட்டி சண்டையைக்கூட லயமே கேட்டு, லயமே தீர்ப்புச் சொல்லும்.

அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது. கையெழுத்துப் போடுவார், அத்தோடு சரி. நான் மூன்றாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டிப் படிப்பேன், எழுதச் சொன்னால் அப்போது கை வராது; எழுதப் பழகியதெல்லாம் ரொம்பப் பிறகு, சிலிபினுக்கு வந்த பின்னால்தான். அதனால் முதல் வருடம் கோயிலில் கணக்கு எழுதும் ஒருவரிடம் போய்க் கடிதம் எழுதி வாங்கினேன். "ராத்திரியில தூக்கம் வரலன்னு எழுதுங்க" என்றால், அந்த மனுஷன் என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தங்கள் பிரிவால் வாடுகிறேன்" என்று எழுதுவார். அங்கே சிங்கப்பூரில் இன்னொருவர் அதை உரக்கப் படித்துக் காட்டுவார். அறையில் இருக்கிற எல்லோரும் கேட்பார்கள். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் இரண்டு ஆம்பிளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த மாதிரி. படித்தவர்களுக்கு இது புரியாது. அவர்கள் பிறந்ததிலிருந்தே உறையை ஒட்டி அனுப்பிப் பழகியவர்கள்.

பிறகு கேசட் வந்தது. அடுத்த வீட்டு அக்காவின் தம்பி அவளுக்கு ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கிக் கொடுத்திருந்தான். ஒரு நாள் அவள் சொன்னாள்: "இதுல பேசி அனுப்பு. எழுதவும் வேண்டாம், படிக்கவும் வேண்டாம்." என் கணவரும் அங்கே ஒன்று வாங்கிக்கொண்டார். தெரிந்தவர் ஒருவரைக்கொண்டு விலாசம் எழுதிய உறைகளை ஒரு கட்டாகவே அனுப்பிவைத்தார். நான் செய்யவேண்டியதெல்லாம் பேசுவது, உறையில் போடுவது, ஒட்டுவது. தோட்டத்து ஆபீஸ் தபால் பையில் அதைப் போட்டால் டவுனுக்குப் போய்விடும். நடுவில் ஒரு ஆம்பிளையும் கிடையாது. எனக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று எப்படிச் சொல்வேன்! எழுதத் தெரியாதவளுக்கும் ஒட்டிய உறை கிடைத்தது.

ஆனால் பேசுவதற்கு இடம்? வீட்டில் பேசினால் லயம் முழுக்கக் கேட்கும். அதனால் டேப் ரெக்கார்டரை ஒரு பழைய சாரோங்கில் சுற்றி, வேலைக்குப் போகும்போது சாப்பாட்டுத் தூக்கோடு கொண்டுபோவேன். பால் வெட்டுகிறவர்களுக்கு ஒரு நேரம் உண்டு. விடியலில் தொடங்கி மரங்களை எல்லாம் வெட்டி முடித்துவிட்டால், கோப்பையில் பால் வடிந்து நிறையும் வரை சும்மா இருக்கவேண்டும். மற்றவர்கள் கூடி உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். நான் என் நிரையின், அதாவது எனக்கு ஒதுக்கிய மர வரிசையின், கடைசிக்குப் போவேன். தோட்டத்தின் எல்லை அது. ஒரு சின்ன வாய்க்கால், அதற்கு அப்பால் மலைக்காடு. அங்கே ஒரு மரத்தில் சாய்ந்துகொண்டு பொத்தானை அழுத்திப் பேசுவேன்.

பெரிய விஷயம் எதுவும் இல்லை. கூரை ஒழுகுகிறது, உங்கள் அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை, வேலை மேற்பார்க்கும் தண்டல் இன்றைக்கும் என் மரத்தில்தான் குறை கண்டுபிடித்தான் என்பதுபோல. ஒன்று மட்டும் உண்டு. எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். நானும் யார் முன்னாலும் சொன்னதில்லை. அங்கே, அந்த மரத்தடியில், அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். முதல் தடவை சொன்னபோது எனக்கே வெட்கமாகி வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் பதில் கேசட்டில் சிரித்தார். "இன்னொரு தடவ சொல்லுலா" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கேசட்டிலும் சொன்னேன்.

நான் முழுகாமல் இருப்பதையும் அப்படித்தான் அவருக்குச் சொன்னேன். அதற்கு முந்தின வருடம் ஒன்று தங்காமல் போயிருந்தது. அப்போது லயத்துப் பெண்கள் பேசிய பேச்சு இன்னும் காதில் இருந்தது. அதனால் மூன்று மாதம் முடிகிறவரை யாரிடமும், மாமியாரிடமும்கூட, சொல்வதில்லை என்று இருவரும் பேசிவைத்துக்கொண்டோம். டேப் ரெக்கார்டர் கொடுத்த அக்காவுக்கு மட்டும் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. அவர் அனுப்பிய பதில் கேசட் முழுக்க உத்தரவுதான். வாளியைத் தூக்காதே, வழுக்குகிற இடத்தில் நடக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. நடுவில் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு ஒரு பாட்டை முனகுவார். பெண்ணாக இருந்தால் என்ன பேர், ஆணாக இருந்தால் என்ன பேர் என்று அவர் முடிவே செய்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் பெரட்டில், அதாவது விடியற்காலையில் எல்லோரையும் நிறுத்திப் பேர் கூப்பிடும் இடத்தில், ஒரு அறிவிப்பு வந்தது. மலைக்காட்டில் அரசாங்கத்துக்கு எதிரானவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தோட்டத்திலிருந்து ஆட்கள் உதவுவதாகச் சந்தேகம், அதனால் ஆபீஸ் தபால் பையில் போகிற, வருகிற பொட்டலங்களை இனிமேல் திறந்து பார்ப்பார்கள் என்றார்கள். எல்லாம் நம் பாதுகாப்புக்காகவாம்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பொட்டலத்தைத் திறப்பார்கள், உள்ளே அரிசியோ மருந்தோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள், கேசட் இருப்பதைப் பார்த்துவிட்டு மூடி அனுப்பிவிடுவார்கள். கேசட்டைத் திறந்து பார்த்தால் பழுப்பு நாடாதானே தெரியும்! ஒருத்தி தன் புருஷனிடம் பேசியதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்படி வேலையற்றுப் போயிருப்பார்களா மனிதர்கள் என்றுதான் எந்தப் பொம்பளையும் நினைப்பாள்.

மூன்றாவது மாதம் முடியவில்லை. அதுவும் தங்கவில்லை.

அக்காதான் கூட இருந்தாள். வயிற்றுக் கடுப்பு என்று தண்டலிடம் சொல்லி விடுப்பு எடுத்தேன். மாமியாரிடமும் அதையேதான் சொன்னேன். திரும்ப வேலைக்குப் போன முதல் நாள் மரங்களை வெட்டி முடித்துவிட்டு, என் நிரையின் கடைசிக்குப் போய், பொத்தானை அழுத்தி அவரிடம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுதமாட்டேன். கேட்கக்கூடாதவர்கள் கேட்டது போதும், இனி நீங்கள் வேறு படிக்கவேண்டாம். நிறைய அழுதேன், அவர் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதேன் என்பது மட்டும் போதும். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்ப் பால் எடுத்தேன். மறுநாள் உறையை ஆபீஸில் கொடுத்தேன்.

அடுத்த வாரம், பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தவளை ஆபீஸுக்கு வரச் சொன்னார்கள். மேல்துணியில் பால் வாடையோடு போய் நின்றேன். உள்ளே ஒரு மேசை. டவுனிலிருந்து வந்த பாதுகாப்பு அதிகாரி ஒருவர், அவரோடு இன்னும் இரண்டு பேர். பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம், அமைதியானவர், எங்களை "பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார். ஆபீஸ் பையன்கள் இரண்டு பேர் கதவோரம் நின்றார்கள். மேசைமேல் ஒரு டேப் ரெக்கார்டர். அதற்குள் என் கேசட்.

அதிகாரி பொத்தானை அழுத்தினார். என் குரல் வந்தது. என் புருஷன் பேர் வந்தது.

தரை பிளந்து உள்ளே போய்விடமாட்டோமா என்று இருந்தது. கதவோரம் ஒருவன் குனிந்து சிரிப்பை அடக்கினான். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அதனால் ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, கிராணி அதை மலாயில் சொல்லவேண்டும். நான் என் புருஷனிடம் அழுதுகொண்டு சொன்னதை, அந்த மனுஷன் தொண்டையைச் செருமிச் செருமி மலாயில் சொன்னார். ஒரு இடத்தில் அவரால் சொல்ல முடியவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தெருஸ்கான்" என்றார் அதிகாரி. மேலே போகச் சொல்கிறார். கிராணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலே போனார்.

நான் நினைத்தேன், இதோ கேட்டுவிட்டார்கள், ஒரு பொம்பளையின் துக்கம்தான் இது என்று புரிந்துவிட்டது, இப்போது தலையைக் குனிந்துகொண்டு கேசட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று. இல்லை. அவர்கள் தேடியது என் பேச்சை அல்ல. என் அழுகைக்குப் பின்னால் ஒரு சத்தம் இருந்தது. மலைக்காட்டில் உங்கா என்று ஒரு குரங்கு உண்டு. நீளக் கையால் கிளைக்குக் கிளை தாவும், காலையில் ஊளையிடுகிற மாதிரிக் கூவும். அந்தச் சத்தம் கேசட்டில் விழுந்திருந்தது. உங்கா கூவுவது காட்டுக்குள், அப்படியென்றால் இவள் காட்டுக்குள் போயிருக்கிறாள், யாரைப் பார்க்கப் போனாள்? அதுதான் அவர்கள் கேள்வி.

அந்தச் சத்தத்தைச் சரியாகக் கேட்பதற்காக நாடாவைப் பின்னால் ஓட்டினார்கள். திரும்ப நான் அழுதேன். இன்னும் கொஞ்சம் பின்னால் ஓட்டினார்கள். திரும்ப அழுதேன். மூன்று ஆம்பிளைகள் காதைச் சாய்த்து, என் அழுகையை ஏதோ இடைஞ்சல் மாதிரித் தள்ளிவிட்டு, குரங்குச் சத்தத்தைக் கேட்டார்கள். ஒருவர் அது உங்கா என்றார். இன்னொருவர் அது வேறு குரங்கு என்றார். அதைப் பற்றி அவர்களுக்குள் ஒரு வாக்குவாதமே நடந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். இத்தனை வருடம் கழித்தும் இதை எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பிறகு கேள்விகள். எந்த நாள்? எந்த நேரம்? எத்தனையாவது நிரை? கூட யார் இருந்தார்கள்? வாய்க்காலைத் தாண்டினாயா? யாருக்காவது சோறு கொடுத்தாயா? வீட்டை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போய்ப் பேசுவானேன்? மறைக்க ஏதோ இருக்கப்போய்த்தானே அங்கே போனாய்?

"ஆமாங்க, மறைக்கத்தான் போனேன்" என்றேன். "எம் புருசன்கிட்ட பேசுறத மறைக்கத்தான் போனேன். லயத்துல செவுரு இல்லங்க."

கிராணி அதை மலாயில் சொன்னார். அதிகாரி முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார் என்று எனக்குத் தோன்றியது. மறைக்கத்தான் போனேன் என்பதை.

மறுநாள் என்னை என் நிரைக்கே கூட்டிப்போனார்கள். தண்டல் முன்னால், அதிகாரிகள் பின்னால், நடுவில் நான். வழியெல்லாம் மரத்துக்கு மரம் ஆட்கள் உளியைப் பிடித்தபடி நின்று பார்த்தார்கள். நான் சாய்ந்து பேசும் மரத்தைக் காட்டினேன். அங்கே நிற்கும்போதே வாய்க்காலுக்கு அப்பாலிருந்து உங்கா கூவியது. அதிகாரி தலையை ஆட்டினார். "சரி, உன்மேல் தப்பு ஒன்றும் இல்லை, நீ போகலாம்" என்று சொல்லச் சொன்னார்.

அந்த இஸ்திரிச் சட்டைப் பையன் இதைக் கேட்கவேண்டும். தப்பு ஒன்றும் இல்லை என்று முடிவானது. நல்லது. நான் தப்பு செய்யாதவள். அதனால் எனக்கு என்ன நஷ்டம்? என் புருஷன் பேரை நான் சொன்ன விதத்திலேயே இழுத்துச் சொல்லி, நான் தண்ணீர்க் குழாய்க்குப் போகும்போதெல்லாம் கூவினார்கள் தோட்டத்து இளவட்டங்கள். என் வயிற்றில் இருந்து போனதைப் பற்றி, யார் யாரோ என் காதுபடவே அனுதாபப்பட்டார்கள். மாமியார் ஒரு நாள் குழாயடியிலிருந்து காலிக் குடத்தோடு திரும்பி வந்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஆபீஸ்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? நான் ஒனக்கு அவ்ளோ வேண்டாதவளா?" என்றார். அழுதார். நானாகச் சொல்லியிருந்தால் மடியில் படுக்கவைத்துக்கொண்டிருப்பார் என்று அப்போதுதான் தெரிந்தது. அவரிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பது என் கையில் இருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

கேசட்டைத் திருப்பிக் கேட்டு ஆபீஸுக்குப் போனேன். ஒரு தடவை இல்லை, பல தடவை.

"அது டவுனுக்குப் போயிட்டுது, பிள்ளை" என்றார் கிராணி.

"எப்ப வரும்?"

"தெரியாது. நான் என்ன பிள்ளை செய்யிறது? மேலயிருந்து சொல்லுறதைத்தானே செய்யிறன்."

"நீங்களும் கேட்டீங்கல்ல? கேட்டதை எம் புருசன்கிட்ட போய்ச் சொல்லிட்டு வாங்க. நானே இன்னொரு தடவ எப்படிச் சொல்லுவேன்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்லவர்தான். அதனால் எனக்கு என்ன? நல்லவர்கள் கையாலும் அந்த வேலை நடந்தது.

ஏன் இன்னொரு கேசட் பேசிக் கோப்பெங்கில் நீயே போய்த் தபாலில் போடவில்லை என்று கேட்பீர்கள். போகும்போது அதிகாரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தார். உன் புருஷனின் விலாசம் எங்களிடம் இருக்கிறது, ஆபீஸ் வழியாக இல்லாமல் வேறு வழியில் ஏதாவது அனுப்பினால் அவருடைய வேலை அனுமதிக்குத்தான் சிக்கல் என்று. அது நிஜமோ வெறும் மிரட்டலோ, யாரிடம் போய்க் கேட்பது? பயந்தேன். தீபாவளிக்கு அவர் வருவதாக இருந்தார். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அதுவரை ஆபீஸ் வழியாக ஒரே ஒரு கேசட் அனுப்பினேன். நல்லா இருக்கோம், அம்மா நல்லா இருக்காங்க, மழை பெய்யுது. பேர் சொல்லவில்லை. அவர் பதிலில், "என்னலா, சுருக்கமா பேசுற? ஒடம்புக்கு முடியலயா? புள்ள ஒதைக்குதா?" என்று கேட்டிருந்தார். அந்தக் கேசட்டும் எனக்கு முன்னால் ஆபீஸில் ஓடியிருந்தது. கொடுக்கும்போது ஆபீஸ் பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நாளில் இன்னொரு யோசனை வந்தது. பொட்டலங்களைத் திறப்பதோடு நிற்காமல், இனி எல்லாக் கேசட்டையும் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவது, அதற்கு எல்லோரும் கைநாட்டு வைத்துச் சம்மதம் தரவேண்டும் என்று. கோயிலில் கூட்டம் போட்டார்கள். கோயில் தலைவர், "நம்ம நல்லதுக்குத்தானே, வெச்சிட்டுப் போலாம்" என்றார். அங்கும் எழுந்தேன். "தலைவரே, நேத்து ராத்திரி உங்க பெண்டாட்டிகிட்ட என்னா பேசுனீங்க? இங்கயே சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும். நல்லதுக்குத்தானே?" என்றேன். பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. அவர் முகம் சிவந்து, இவளை உட்காரச் சொல்லுங்கள் என்று கத்தினார். நான் கைநாட்டு வைக்கவில்லை. அக்காவும் வைக்கவில்லை. இன்னும் நாலைந்து பெண்கள் பிள்ளைக்குப் பசிக்கிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டார்கள். மற்றவர்கள் வைத்தார்கள். சட்டம் வந்தது.

அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்திலிருந்து போன கேசட்டுகளைக் கேட்டவர்கள் பாவம், அலுத்துப் போயிருப்பார்கள். எல்லாவற்றிலும் ஒரே பேச்சு. சுகம், சுகமா, மழை, வெயில். மிச்ச நாடாவில் வானொலிப் பாட்டைப் பதிந்து அனுப்பினார்கள். காட்டுக்காரர்கள் யாரையும் அதனால் பிடித்ததாக எனக்குத் தெரியாது. எங்களைத்தான் பிடித்தார்கள், எங்கள் நாக்கைப் பிடித்தார்கள். எண்பதுகளில் தோட்டத்தை விற்றுத் துண்டு துண்டாக்கி, நாங்கள் சிலிபினுக்கு வந்து பேக்டரி வேலையில் சேர்ந்த பிறகும், தெருமுனைக் கடையில் போன் பேசும்போது என் குரல் தானாகத் தணிந்துவிடும். "சத்தமா பேசு, கேக்கல" என்பார்கள் மறுமுனையில். யாரோ கேட்கிறார்கள் என்று உடம்புக்குள் இருக்கும்போது சத்தமாக எப்படிப் பேசுவது?

ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் நான் சொல்லமுடியாமல் போனது இதெல்லாம் அல்ல. அந்தத் தீபாவளியை.

அவர் சிங்கப்பூரிலிருந்து பஸ்ஸில் ஈப்போ வந்து, அங்கிருந்து கோப்பெங் வந்து, சாலையில் நடந்து தோட்டத்துக்குள் வந்தார். வெளியிலிருந்து வருகிறவர்கள் முதலில் ஆபீஸில் பேர் பதிந்துவிட்டுத்தான் லயத்துக்கு வரவேண்டும் என்று அப்போது ஒழுங்கு. எனக்கு அது தெரியும். வருகிற வழியிலேயே அவரைப் பிடித்துவிடலாம் என்று பிற்பகலிலிருந்து சாலை முனையில் போய் நின்றேன். மழை பிடித்துக்கொண்டது. அக்கா வந்து, நனைந்து ஜுரம் வரப்போகிறது என்று வீட்டுக்கு இழுத்துப்போனாள். அந்த நேரத்தில் அவர் வந்துவிட்டார்.

ஆபீஸில் கிராணி இருந்தார். அவருக்கு என் புருஷனைக் கண்டதும் மனசு தாங்கவில்லை போலிருக்கிறது. மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, கையைப் பிடித்து, "தம்பி, பிள்ளை விஷயம் அறிஞ்சு சரியான கவலை. மனசைத் தளர விடாதையும். நீங்கள் இரண்டு பேரும் சின்ன வயசு" என்றிருக்கிறார். மரியாதையாகத்தான் சொன்னார். அப்போது என் புருஷன் கையில் இருந்த பையில் இரண்டு சின்னச் சட்டைகள் இருந்தன. ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள்.

அவர் வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. மாமியார் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டார். அவர் பையைக் கீழே வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"கிராணிக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். "ஆபீஸ் பையனுக்குத் தெரிஞ்சிருக்கு. வழியில தண்டல் பாத்துட்டு, வருத்தப்படாதன்னு சொல்றான். எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு எப்ப சொல்லலாம்னு இருந்த?"

"ஒங்ககிட்டதான் மொதல்ல சொன்னேன். கேசட்டுல சொன்னேன். அவங்க வெச்சிக்கிட்டாங்க."

நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பினார். நம்பாமல் இருக்கமாட்டார். ஆனால் நம்புவதற்கும் ஒருவருடைய பிள்ளை போன செய்தி மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதற்கும் சம்பந்தமில்லை. மடியிலிருந்த பையை எடுத்துப் பெஞ்சில் வைத்தார். பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். என் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

"சரி" என்றார். "அதுல என்ன சொன்னியோ அத இப்ப சொல்லு. நான் கேக்குறேன்."

அத்தனை மாதமும் நான் காத்திருந்தது இதற்குத்தான். சொல்வதற்கு வாயைத் திறந்தேன்.

"அன்னிக்கி வியாழக்கெழம" என்றேன். "வெட்டு முடிஞ்சி, பால் எடுக்கறதுக்கு முன்னால. எட்டாவது நெறையோட கடைசி. நான் மட்டும்தான் இருந்தேன், கூட யாரும் இல்ல. வாய்க்கால தாண்டல. யாரயும் பாக்கல. யாருக்கும் சோறு குடுக்கல..."

அவர் என்னைப் பார்த்தார். நான் நிறுத்தவேண்டும் என்று எனக்கே தெரிந்தது. முடியவில்லை. கைகள் இரண்டையும் ஒட்டிவைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, கேட்காத கேள்விகளுக்கெல்லாம் வரிசையாகப் பதில் சொல்லிக்கொண்டே போனேன்.

அவர் என் தோள் இரண்டையும் பிடித்து உலுக்கினார். "நிறுத்துலா" என்றார். "போதும், நிறுத்து. நான் ஆபீஸ் இல்ல. என்னப் பாரு. நான் ஆபீஸ் இல்ல."